தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று சொல்லிவிட்டார்கள். இது குணமாகுமா? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் தம்பிக்கு 22 வயது, பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்கிறான், தனியாக இருக்கும்போது யாருக்கோ பதில் சொல்கிறான், மாத்திரை வேண்டாம் என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் நண்பர்கள் விசாரித்தால் என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. என் அண்ணன் பல வருடங்களாக இந்த நோயோடு வாழ்கிறார். அதனால் இது வீட்டுப் பக்கத்திலிருந்து சொல்லும் பதில்.

நோயைப் பற்றி முதலில் கொஞ்சம். இதை மனச்சிதைவு நோய் என்றும் சொல்வார்கள். உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். பெண்களுக்குச் சற்றுத் தாமதமாக வரும். உங்கள் தம்பியின் வயது அதற்குள்தான் வருகிறது. ஒரே ஆளுக்குள் இரண்டு ஆட்கள் இருப்பது என்று சினிமா பார்த்துச் சொல்வார்களே, அது இந்த நோய் இல்லை. வளர்ப்பு சரியில்லாததால் வந்தது என்று யாராவது அம்மாவைக் குத்திக் காட்டினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் அச்சு அசலாக ஒரே மரபணு கொண்ட இரட்டையர்களில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வராமல் போகும் வாய்ப்பு பாதியாவது உண்டு. கஞ்சா இந்த ஆபத்தைக் கூட்டும். தம்பிக்கு அந்தப் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

குரல் கேட்பது, சந்தேகப்படுவது எல்லாம் வெளியே தெரிகிற பக்கம். தெரியாத பக்கம் ஒன்று இருக்கிறது, எங்கள் வீட்டில் அதிகம் சண்டை வந்தது அதனால்தான். குளிக்கத் தோன்றாது. பேச்சு குறைந்துவிடும். முகத்தில் சிரிப்போ கோபமோ அவ்வளவாகத் தெரியாது. ஆரம்பித்த வேலையை முடிக்க முடியாது, படித்தது நிற்காது. குரல்கள் அடங்கிய பிறகும் இது மாதக்கணக்கில் தொடரலாம். பார்ப்பவர்கள் சோம்பேறி என்பார்கள். இது சோம்பல் இல்லை, நோயின் பகுதி. இப்போதிருக்கும் மருந்துகள் இந்தப் பக்கத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால் "மாத்திரைதான் சாப்பிடறியே, இன்னும் ஏன் இப்படிப் படுத்தே கிடக்கற?" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

சரி, நீங்கள் கேட்டதில் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அவன் சொல்வது பொய் என்று எப்படிப் புரியவைப்பது என்று கேட்கிறீர்கள். புரியவைக்க முயல வேண்டாம் என்பதுதான் என் பதில். சாதாரணமாக நம் மூளை பார்க்கிற எல்லாவற்றையும் பொருட்படுத்துவதில்லை. தெருவில் ஒரு கார் நின்றால் நின்றது, அவ்வளவுதான். இந்த நோயில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் போக்கு மாறுவதால், அந்தக் காரும், எதிர்வீட்டு ஜன்னல் மூடுகிற சத்தமும், யாரோ இருமியதும் "இது உனக்காகத்தான்" என்ற அழுத்தத்தோடு வந்து நிற்கும் என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். குரலும் அப்படித்தான். குரல் கேட்கும் நேரத்தில் மூளையில் பேச்சும் கேட்டலும் சார்ந்த பகுதிகள் வேலை செய்வதை ஸ்கேன் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அவன் கற்பனை செய்யவில்லை, உண்மையாகவே கேட்கிறது. காதில் விழுவதை "விழவில்லை" என்று எத்தனை முறை சொன்னாலும் எப்படி நம்புவான்? உங்களையும் கண்காணிப்பவர்கள் கூட்டத்தில் சேர்த்துவிடுவான், அதுதான் நடக்கும்.

அதற்காக, ஆமாம் கேமரா வைத்திருக்கிறார்கள் என்று தலையாட்டவும் கூடாது. விஷயத்தை விட்டுவிட்டு அவன் படும் பாட்டுக்குப் பதில் சொல்லுங்கள். "எனக்கு அப்படித் தெரியலடா. ஆனா உனக்கு அப்படித் தோணும்போது ரொம்ப பயமா இருக்கும் இல்ல? ராத்திரி தூங்கினியா?" இவ்வளவு போதும். தூக்கம் என்று வந்துவிட்டால் பேச்சு ஒரு இடத்தில் கால் ஊன்றும். தனக்கு நோய் என்று ஒத்துக்கொள்ளாதவர்கூடத் தூக்கமில்லை, நிம்மதியில்லை என்பதை ஒத்துக்கொள்வார். எங்கள் அண்ணன் மருத்துவரிடம் வர ஒப்புக்கொண்டதே தூக்கத்துக்காகத்தான். நோயின் பெயரை அந்த அறையில் யாரும் முதல் சில முறை உச்சரிக்கவே இல்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்பதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் நோயைத் தானே உணர முடியாமல் போவது இந்த நோயில் மிகச் சாதாரணம், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இருக்கும். மாத்திரையைத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கச் சொல்லி உங்களுக்கு யோசனை வரும், நிச்சயம் யாராவது சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். தன்னை ஏதோ செய்கிறார்கள் என்று பயப்படுகிறவனுக்கு, ஒருநாள் தட்டில் மாத்திரைத்தூள் தெரிந்தால் அவன் பயந்தது உண்மையாகிவிடும். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரை நம்புவான்?

மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசைன் என்ற முதல் மருந்து பயன்பாட்டுக்கு வரும்வரை, தீவிரமாக நோயுற்றவர்களில் பலர் காப்பகத்திலேயே காலத்தைக் கழித்தார்கள். அதற்குப் பின் வந்த மருந்துகளும் பெரும்பாலும் டோபமைனைத்தான் தடுக்கின்றன. வேறு வழியில் வேலை செய்யும் ஸனோமெலின்–டிராஸ்பியம் என்ற கூட்டு மருந்துக்கு 2024இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குரல்களும் சந்தேகமும் பலருக்குச் சில வாரங்களில் தணியும். பக்கவிளைவுகள் நிஜமானவை. உடல் எடை ஏறும், சர்க்கரை ஏறலாம், தூக்கம் அழுத்தும், கை நடுங்கும். ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: சில மருந்துகளால் ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும், நடந்துகொண்டே இருப்பார்கள், கால் ஆடிக்கொண்டே இருக்கும். வீட்டில் அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று நினைப்பார்கள். முற்றவில்லை, மருந்தின் வேலை. மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ செய்வார். பக்கவிளைவைச் சொல்ல இடமில்லாமல் போகும்போதுதான் மாத்திரை ரகசியமாகக் குப்பைக்குப் போகிறது.

நன்றாக இருக்கிறதே, எதற்கு மாத்திரை என்ற கேள்வி ஒருநாள் வரும். முதல்முறை நோய் வந்து தேறியவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஐந்து வருடங்களுக்குள் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குத் திரும்ப வந்திருந்தது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. என்றைக்காவது நிறுத்திப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், அது அவனும் மருத்துவரும் பேசி, மெதுவாகக் குறைத்து, கூட ஆள் இருந்து கவனித்துச் செய்ய வேண்டியது. தினமும் மாத்திரை என்பதே சண்டையாக இருந்தால், இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசிகள் உண்டு. சிலவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். அண்ணன் ஊசிக்கு மாறிய பிறகு எங்கள் வீட்டில் "மாத்திரை போட்டியா?" என்ற வாக்கியம் ஒழிந்தது. எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி அது. இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், போதிய காலம் கொடுத்தும் பலனில்லை என்றால் குளோசபின் என்ற மருந்தைப் பற்றிக் கேளுங்கள். ரத்த வெள்ளை அணுக்கள் குறையும் ஆபத்து இருப்பதால் தொடர்ந்து ரத்தப் பரிசோதனை தேவைப்படும். அந்தத் தொந்தரவுக்குப் பயந்தே பல இடங்களில் தாமதமாகத் தருகிறார்கள். புகை பிடிப்பவர் குளோசபின் எடுக்கும்போது திடீரென்று சிகரெட்டை நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும், இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மருந்துக்கு அடுத்து வீடு. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் சக ஆய்வாளர்களும் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு, வாடகை அறைகளிலும் உடன்பிறந்தவர்களோடும் தங்கியவர்களைவிட நோய் அதிகம் திரும்பியது. பின்னர் தொடர்ந்து பார்த்ததில், ஓயாமல் குறை சொல்வது, வெறுப்புக் காட்டுவது, எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்துக் கைக்குழந்தை போல் கவனிப்பது ஆகிய மூன்றும் நோயைத் திரும்ப அழைப்பதாகத் தெரிந்தது. மூன்றாவதைக் கவனியுங்கள், அது அன்பால் வருவது. இதை வைத்துக் குடும்பத்தைக் குற்றவாளியாக்குபவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது எரிச்சலாக இருக்கும். நோயை வீடு உண்டாக்குவதில்லை. வீட்டுச் சத்தத்தைத் தாங்கும் சக்தியைத்தான் நோய் குறைத்துவிடுகிறது. குடும்பத்தாருக்கு நோயைப் பற்றி முறையாகக் கற்றுக்கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று பிறகு பல ஆய்வுகளில் தெரிந்தது. உங்கள் மருத்துவமனையில் அப்படிக் குடும்ப வகுப்பு நடக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் ஒரே நேரத்தில் ஒருவர் பேசுங்கள், சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், அவன் அறைக்கதவைத் தட்டிவிட்டுப் போங்கள்.

வேறு என்ன உதவி உண்டு? குரலோடும் சந்தேகத்தோடும் சமாளித்து வாழப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை இருக்கிறது. அது மருந்துக்குப் பதில் அல்ல, மருந்தோடு சேர்த்துச் செய்வது. குரல் கேட்பவர்களே ஒன்றுகூடிப் பேசும் குழுக்கள் 1980களின் இறுதியில் நெதர்லாந்தில் தொடங்கி இன்று பல நாடுகளில் உள்ளன. நோயிலிருந்து மீண்டவர்களே கட்டியெழுப்பிய, 1948இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபவுண்டன் ஹவுஸ் போன்ற கூடங்களில் நோயாளி என்று யாரும் இல்லை, உறுப்பினர்தான், அங்கே சமையலும் கணக்கும் அவர்கள் வேலை. வேலைவாய்ப்பு விஷயத்தில் எனக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு. பல வருடம் பயிற்சி கொடுத்துத் தயார்செய்த பிறகு வேலை என்று இழுக்காமல், அவன் விரும்பும் சாதாரண வேலையில் சேர்த்துவிட்டு, வேலை ஆலோசகர் கூடவே நின்று உதவுவது. பழைய பயிற்சி முறையைவிட இதில் வேலை கிடைத்து நிலைப்பவர்கள் அதிகம் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உங்கள் ஊரில் இவற்றில் எது இருக்கிறது என்பதை மருத்துவமனையின் சமூகப் பணியாளர்தான் சரியாகச் சொல்வார். பல நாடுகளில் இந்த நோய்க்கு மாற்றுத்திறன் சான்றும் அதன் சலுகைகளும் உண்டு, அவரிடமே விசாரியுங்கள்.

குணமாகுமா என்று கேட்டீர்கள். மூன்றில் ஒருவராவது முழுமையாக மீளக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்னும் பலர் ஏற்ற இறக்கங்களோடு வாழ்கிறார்கள். இந்தக் கேள்விக்கு எல்லோரும், இந்த நோயோடு வாழ்ந்து 1994இல் பொருளாதார நோபல் வாங்கிய கணித மேதை ஜான் நாஷைக் காட்டுவார்கள். எனக்கு அவர் அவ்வளவாக உதவவில்லை, அண்ணனுக்கு நோபல் தேவைப்படவும் இல்லை. அரைநாள் வேலைக்குப் போகிறார், குரல் இன்னும் எப்போதாவது கேட்கிறது, பாட்டை வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறார். இதுவும் மீள்வதுதான்.

இரண்டு விஷயங்களில் மட்டும் காத்திருக்காதீர்கள். சாவதைப் பற்றிப் பேசினாலோ, தன்னையோ பிறரையோ ஏதாவது செய்யச் சொல்லிக் குரல் கட்டளையிடுவதாகச் சொன்னாலோ, அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போங்கள். தற்கொலை ஆபத்து நோயின் ஆரம்ப வருடங்களில்தான் அதிகம். இந்த நோய் உள்ளவர்கள் என்றாலே வன்முறை என்று பயப்படுகிறார்கள், உண்மையில் இவர்கள் பிறரால் தாக்கப்படுவதுதான் அதிகம் நடக்கிறது. இன்னொன்று உடல். பலர் 10 முதல் 20 வருடம் முன்னதாக இறக்கிறார்கள், இதயம், சர்க்கரை, புகைபிடித்தல் இவற்றால்தான் பெரும்பாலும். எடையும் சர்க்கரையும் கொழுப்பும் ரத்த அழுத்தமும் முறையாகப் பார்க்கப்படுகின்றனவா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். மனநலப் பிரிவில் அதை மறந்துவிடுவார்கள்.

அவன் நன்றாக இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து, மறுபடி மோசமானால் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எந்த மருத்துவமனை வேண்டாம் என்று அவன் வாயால் சொல்லச் சொல்லி எழுதிவையுங்கள். நண்பர்களிடம் என்ன சொல்வது என்பதையும் அன்றைக்கே அவனிடம் கேளுங்கள். எங்கள் அண்ணன் இரண்டு பேரிடம் மட்டும் பெயரோடு சொன்னார், மற்றவர்களுக்கு "உடம்பு சரியில்லை, மருந்து சாப்பிடறேன்" என்பதோடு சரி. யாருக்கு எவ்வளவு என்பது அவன் முடிவு.