பவுடர் காசை ஷூவில் போடு: பயிற்சிக்கு வருபவர்களின் கேள்விகள்

ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, இப்போது தர்மபுரியில் காவலர் தேர்வுக்குப் போகிறவர்களை விடிகாலையில் ஓடவிட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் கேட்டவை.

பாலக்கோட்டுத் தம்பி: அண்ணா, களி தின்றுவிட்டு ஓடினால் வயிற்றைப் பிடிக்கிறது. புரதப் பவுடருக்கு மாறட்டுமா?

களி மேல் தப்பில்லை, நேரம்தான் தப்பு. ஓடப்போகுமுன் ஒரு வாழைப்பழம் போதும். களியை ஓடி முடித்து வந்து சாப்பிடு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், புரதம் 100 கிராமுக்கு 7 கிராம்தான். அதனால்தான் நம் ஊரில் கொள்ளுக் குழம்பு ஊற்றித் தின்கிறார்கள். 60 கிலோ உடம்புக்கு இந்தப் பயிற்சியில் நாளுக்கு 80 கிராம் புரதம் வேண்டும் என்று வை. களி, சோற்றிலேயே 25 வந்துவிடும். மூன்று முட்டை 18, அரை லிட்டர் பால் 16, ஐம்பது கிராம் கொள்ளு 11, ஒரு கை வேர்க்கடலை 7. கூட்டிப் பார், 77; கிட்டத்தட்ட வந்துவிட்டது. பவுடர் காசை ஷூவில் போடு.

காரிமங்கலம் தங்கச்சி: 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்துக்குள் ஓடிவிடுகிறேன் அண்ணா. ஆனால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு வலிக்கிறது. கேன்வாஸ் ஷூதான் போடுகிறேன்.

முதலில் விரலால் அழுத்திப் பாரும்மா. எலும்பு நெடுக வலித்தால் தார் ரோட்டை விட்டு மண் மைதானத்துக்கு வா, தூரத்தைப் பாதியாகக் குறை. ஒரே புள்ளியில் சுருக்கென்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டு. எலும்பில் விரிசல் இருக்கலாம். ஷூவைச் சாயங்காலம் வாங்கு, அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பார். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நான் ஒருமுறை தள்ளுபடி என்று ஒரு சைஸ் குறைவாக வாங்கி, பெருவிரல் நகம் நாவல்பழம் மாதிரி கறுத்துக் கழன்றது. மிச்சம் பிடித்தது நானூறு ரூபாய்!

பென்னாகரம் தம்பி: போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா?

கிருமிதான் சாகும், தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். நம் மாவட்டத்தில் பல்லில் கறை விழுவதே அதனால்தான். ஓடுகிறவன் தண்ணீரும் அதிகம் குடிப்பான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொள். ரொம்ப வேர்த்த நாளில் ஒரு லிட்டருக்கு ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஓசூர் நண்பர்: அஞ்செட்டிப் பக்கம் ஒருநாள் மலையேற்றம் போகிறோம் சார். 60 லிட்டர் பையும் ராணுவப் புள்ளி உடையும் வாங்கலாமா?

ஒருநாளுக்கு 25 லிட்டர் பை தாராளம். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பாமல் மனசு கேட்காது. அந்த உடை வேண்டாம் சார். வழி தவறினால் தேடி வருகிறவர் கண்ணுக்கே படமாட்டீர்கள். வனத்துறை அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். யானை நடமாடும் காடு அது.

அரூர் தம்பி: கயிறு ஏற கிளவுஸ்?

வெறுங்கையில் பழகு. இறங்கும்போது சறுக்காதே, கை மாற்றி மாற்றி இறங்கு. தோல் உரிவது ஏறும்போது இல்லை.