ஒரே தெரு, வேற பள்ளிக்கூடம்

கேள்வி: என் மகனும் மருமகளும் கலிபோர்னியாவில் வீடு பார்க்கிறார்கள். எதிரெதிரே இரண்டு வீடு, ஏறக்குறைய ஒரே அளவு, ஆனால் ஒன்றுக்கு மட்டும் விலை ரொம்பக் கூட. கேட்டால் “அது நல்ல மிடில் ஸ்கூல் எல்லைக்குள் வருகிறது” என்கிறார்கள். அரசுப் பள்ளிக்குப் போய் இவ்வளவு காசா? பேத்திக்கு இப்போதுதான் நாலு வயது. தெரிந்தவர் யாராவது விலாசம் கொடுத்தால் சேர்த்துவிடலாமே என்கிறார் என் கணவர்.
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: அம்மா, அங்கே அரசுப் பள்ளிக்கு ஃபீஸ் கிடையாது, பொதுவாக நுழைவுத் தேர்வும் கிடையாது. குடியிருக்கும் விலாசம் எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் இடம். நாம் இங்கே தனியார் பள்ளிக்குக் கட்டுகிற ஃபீஸை அவர்கள் வீட்டு விலையோடு சேர்த்துக் கட்டுகிறார்கள், அவ்வளவுதான். சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியல் ஆய்வாளர் பாஸ்டன் புறநகர்களில் எல்லைக்கோட்டுக்கு இரு பக்கமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு 1999-இல் எழுதினார்: தொடக்கப் பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால், பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடக் கொடுக்கத் தயார்.

ஆனால் உங்கள் மகன் அவசரப்பட வேண்டாம். மிடில் ஸ்கூல் என்பது பெரும்பாலும் ஆறு, ஏழு, எட்டு, மூன்றே வருஷம். பேத்தி அங்கே போக இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது, அதற்குள் கோடு அங்கேயே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் கூப்பர்டினோவிலேயே பிள்ளைகள் குறைந்துபோய் ரெக்னார்ட் தொடக்கப் பள்ளியை 2022-இல் மூடினார்கள். அப்படி ஒன்று மூடினால் சுற்றுவட்டார வீடுகளுக்கெல்லாம் பள்ளி மாறும். சில ஊர்களில் எல்லைக்குள் இருந்தும் வகுப்பு நிரம்பிவிட்டால் வேறு பள்ளிக்கு அனுப்புவதும் உண்டு.

வீட்டு விளம்பரத்தில் பள்ளிக்குப் பத்துக்கு ஒன்பது என்று போட்டிருப்பார்கள். அதில் வாத்தியாரின் உழைப்பு எவ்வளவு, படித்துச் சம்பாதிக்கிற பெற்றோர் அங்கே வந்து குவிந்ததால் வந்தது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். அதே விளம்பரத்தின் அடியில் “பள்ளி விவரத்தை வாங்குபவரே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்” என்று பொடி எழுத்தில் இருக்கும். அதனால் கல்வி மாவட்டத்தின் தளத்தில் கதவு எண்ணைப் போட்டே பார்க்கச் சொல்லுங்கள், அப்படியே எந்த ஹைஸ்கூல் வருகிறது என்றும் பார்க்கட்டும், என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். அப்புறம் வரி. கலிபோர்னியாவில் 1978 சட்டத்தின்படி வாங்கிய விலையில் 1 சதவீதம் அடிப்படைச் சொத்து வரி, அதாவது ஒரு லட்சம் டாலர் கூடக் கொடுத்தால் வருஷா வருஷம் குறைந்தது ஆயிரம் டாலர் கூட.

விலாச யோசனையை மட்டும் உங்கள் கணவர் விட்டுவிடட்டும். ஒஹாயோவின் அக்ரன் நகரில் ஒரு தாய், தன் அப்பா வீட்டு விலாசத்தைக் கொடுத்து மகள்களைச் சேர்த்ததற்காக 2011-இல் ஒன்பது நாள் சிறையில் இருந்தார், பிறகு ஆளுநர் தலையிட்டுத்தான் குற்றத்தின் கடுமை குறைந்தது. விசாவில் இருப்பவர்களுக்கு அந்த வம்பு எதற்கு? எல்லைக்குள் வாடகைக்கு இருந்தாலே போதும், வாடகை ஒப்பந்தத்தையும் கரண்ட் பில்லையும் காட்டினால் சேர்த்துக்கொள்வார்கள், சொந்த வீடா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.