ஜப்பானிய அலுவலர்களுக்கு வணிக ஆங்கிலம் எழுதக் கற்பித்தல்: கேள்வி பதில்

டோக்கியோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள நிறுவனங்களுக்கு நேரில் சென்று, அங்குள்ள பணியாளர்களுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சலும் அறிக்கையும் எழுதுவதற்கும் கூட்டங்களில் பேசுவதற்கும் பயிற்சி அளித்து வருகிறேன். இதே வேலையில் இருக்கும் தமிழர்களும், ஜப்பானிய வாடிக்கையாளர்களோடு பணியாற்றும் மென்பொருள் துறையினரும் அனுப்பிய கேள்விகளுக்கு, அவை வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

சைத்தாமாவிலிருந்து ஒரு வாசகி: வணக்கம் அக்கா. நிறுவன வகுப்புகளை அண்மையில்தான் எடுக்கத் தொடங்கினேன். மாணவர்களின் மின்னஞ்சல்களில் ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்ற ஆர்ட்டிகிள் பிழையும் ஒருமை பன்மைப் பிழையும் வரிக்கு வரி இருக்கின்றன. எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

பதில்: அந்தப் பிழைகளிலிருந்து தொடங்காதீர்கள். ஜப்பானிய மொழியில் ஆர்ட்டிகிள் கிடையாது, பன்மையைக் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது, எழுவாயும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஆகவே இந்தப் பிழைகள் நன்றாக எழுதுபவர்களிடமும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். ஆனால் இவற்றால் ஒரு சரக்கு தாமதமானதாகவோ ஓர் ஒப்பந்தம் முறிந்ததாகவோ நான் பார்த்ததில்லை. ஆண்களும் பெண்களுமாக, பெரிய பொறுப்புகளில் இருப்பவர்கள், சிவப்பு மையால் நிரம்பிய தாளைத் திரும்பப் பெற்ற பிறகு அடுத்த வாரம் எழுதுவதையே குறைத்துக்கொண்டதைத்தான் பார்த்திருக்கிறேன்.

சேதம் எங்கே நிகழ்கிறது என்பதற்கு ஒரு மின்னஞ்சலைக் காட்டுகிறேன், விவரங்களை மாற்றியிருக்கிறேன். உதிரிப்பாகத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் ஜெர்மனியில் உள்ள வாடிக்கையாளருக்கு எழுதினார். முதலில் தங்களது தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி என்றார். அடுத்து, அண்மையில் பெய்த கனமழையைப் பற்றி எழுதினார். அதன் பிறகு தொழிற்சாலையின் இரண்டாம் உற்பத்தி வரிசை நின்றதையும், அதன் காரணம் ஆராயப்பட்டு வருவதையும், அனைவரும் கடுமையாக உழைத்து வருவதையும் சொன்னார். கடைசிக்கு முந்தைய வரியில்தான், குறித்த தேதியில் அனுப்புவது சற்றுக் கடினமாக இருக்கலாம் என்று வந்தது. அதற்குப் பிறகு மன்னிப்பு, புரிந்துகொள்ளுமாறு வேண்டுகோள், கையொப்பம். பொருள் வரியில் ‘அன்றைய விஷயம் குறித்து’ என்று மட்டும் இருந்தது.

இலக்கணப்படி அந்த மின்னஞ்சலில் நான்கைந்து சிறு பிழைகளே இருந்தன. அவற்றைத் திருத்திக் கொடுத்திருந்தாலும் ஜெர்மானியர் அதைப் படித்துவிட்டுச் சரக்கு வருமா வராதா, வந்தால் எப்போது, தான் இப்போது செய்ய வேண்டியது என்ன என்று எதையும் அறிந்திருக்க மாட்டார். எழுதியவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: இதைப் படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? அவர் உடனே, தயக்கமே இல்லாமல், ஜப்பானிய மொழியில் சொன்னார்: மே 14 அன்று வர வேண்டியது 21 அன்றுதான் வரும், அவசரமாகத் தேவைப்படும் பாதி அளவை விமானத்தில் 15 அன்று சேர்த்துவிட முடியும், அது வேண்டுமா என்று 9ஆம் தேதிக்குள் அவர் தெரிவிக்க வேண்டும். அந்த மூன்று வாக்கியங்களையும் அதே வரிசையில் முதல் பத்தியாக வைக்கச் சொன்னேன். மழையும் உற்பத்தி வரிசையும் இரண்டாம் பத்திக்குப் போயின. மன்னிப்பு ஒரு முறை மட்டும், தாமதத்தைச் சொன்ன உடனேயே வந்தது. பொருள் வரியில் சரக்கின் பெயரும் புதிய தேதியும் ஏறின.

வாசகர் யார், அவர் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பவை முதல் பத்தியில் இருக்கின்றனவா என்று மட்டும் முதல் இரண்டு மாதங்கள் பாருங்கள். ஆர்ட்டிகிள் காத்திருக்கும்.

சென்னையிலிருந்து ஒரு பட்டதாரி: ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்க எந்த விசா கிடைக்கும், எவ்வளவு சம்பளம் வரும்?

பதில்: இது என் துறை அன்று. விசா விதிகளைத் தூதரகத்திடமோ ஜப்பானியக் குடிவரவு அலுவலகத்திடமோ ‘க்யோசெய்ஷோஷி’ எனப்படும் உரிமம் பெற்ற ஆவண வல்லுநரிடமோ கேளுங்கள். முகவர்களிடம் பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

நகோயாவிலிருந்து ஒரு பயிற்சியாளர்: என் மாணவர் ஒருவர் டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 850க்கு மேல் வாங்கியிருக்கிறார். ஆனால் நான்கு வரி மின்னஞ்சல் எழுத அவருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. இது எப்படிச் சாத்தியம்?

பதில்: முற்றிலும் சாத்தியம். டோயிக், ஜப்பானியத் தரப்பின் வேண்டுகோளை ஏற்று அமெரிக்காவின் இ.டி.எஸ். நிறுவனம் உருவாக்கி 1979இல் தொடங்கப்பட்ட தேர்வு. பெரும்பாலான நிறுவனங்கள் பதவி உயர்வுக்கும் வெளிநாட்டுப் பணிக்கும் கேட்பது அதன் கேட்டல், வாசித்தல் தேர்வைத்தான். கேட்டலுக்கு 45 நிமிடத்தில் 100 கேள்விகள், வாசித்தலுக்கு 75 நிமிடத்தில் 100 கேள்விகள், மொத்தம் 990 மதிப்பெண். இரண்டு மணி நேரத்தில் தேர்வர் சொந்தமாக ஒரு வாக்கியம்கூட எழுதுவதில்லை. விடையைக் குறிப்பது மட்டுமே வேலை. ஆகவே 850 என்பது அவர் நன்றாகப் படிக்கிறார், நன்றாகக் கேட்கிறார் என்பதற்குச் சான்று. எழுதுகிறார் என்பதற்குச் சான்று அன்று.

பேச்சுக்கும் எழுத்துக்கும் என டோயிக்கிலேயே தனித் தேர்வு பின்னாளில் வந்தது. அதன் எழுத்துப் பகுதியில் உள்ள எட்டு வினாக்களில் இரண்டு, வந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதச் சொல்பவை. அந்த வகைப் பயிற்சியை முதல் வகுப்பிலேயே கொடுத்து அவரது உண்மையான நிலையைக் கண்டறியுங்கள். அந்த ஒரு மணி நேரம் எங்கே கழிகிறது என்றும் அருகில் அமர்ந்து பாருங்கள். பெரும்பாலோர் ஜப்பானிய மொழியில் முழு மின்னஞ்சலையும் தொடக்க வணக்கம் முதல் இறுதி வணக்கம் வரை எழுதி முடித்துவிட்டு, அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்குகிறார்கள். இருவகை வணக்கங்களுக்கும் ஆங்கிலத்தில் ஈடு தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

கவாசாகியிலிருந்து ஒரு வாசகர்: என் வகுப்பில் ஒரு புச்சோவும் (பிரிவுத் தலைவர்) அவருக்குக் கீழ் பணியாற்றும் ஆறு பேரும் இருக்கிறார்கள். யாரும் வாயே திறப்பதில்லை. ஆர்வம் இல்லையோ என்று தோன்றுகிறது.

பதில்: ஆர்வம் இருக்கிறது. பிரிவுத் தலைவரைவிடச் சரளமாகப் பேசிவிடக் கூடாது என்று அந்த ஆறு பேரும், இளையவர்கள் முன்னால் தடுமாறக் கூடாது என்று அவரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். மனிதவளத் துறையிடம் பேசி அவரை வேறு குழுவுக்கு மாற்ற முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால், எந்தக் கேள்வியையும் பொதுவாகக் கேட்டுவிட்டுக் காத்திராமல், முதலில் மூன்று நிமிடம் எழுதவும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும், அதன் பிறகே பெயர் சொல்லி அழைத்துப் பேசவும் வையுங்கள். எழுதி வைத்ததைச் சொல்வது துணிச்சலைக் கேட்பதில்லை. ‘ஹை’ என்ற சொல்லும் தலையசைப்பும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதன் அடையாளமே. ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புச்சோவின் வாக்கியத்தை மற்றவர் முன்னிலையில் எக்காரணம் கொண்டும் திருத்தாதீர்கள். வகுப்பு முடிந்ததும் தாளில் எழுதிக் கொடுங்கள்.

ஃபுகுவோகாவிலிருந்து ஒரு வாசகி: டோயிக் 900 எடுக்க வைத்தால் எழுத்தும் தானாக வந்துவிடும் அல்லவா?

பதில்: வராது. நகோயா நண்பருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு பிரிட்ஜ் எஞ்சினியர் (ஜப்பானிய வாடிக்கையாளருக்கும் இங்குள்ள மென்பொருள் குழுவுக்கும் பாலமாக இருப்பவர்): வணக்கம் அக்கா. யோகோஹாமாவில் உள்ள வாடிக்கையாளருக்காகப் பணியாற்றுகிறோம். ‘பரிசீலிக்கிறோம்’ என்று எழுதுவார்கள், நாங்கள் காத்திருப்போம், மூன்று வாரம் கழித்துத்தான் அது மறுப்பு என்று தெரியவரும். இப்போது அவர்களது குழுவுக்கே ஆங்கில வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். முடியாது என்று நேரடியாக எழுதக் கற்பிக்கலாமா?

பதில்: கற்பிக்கலாம். ஆனால் ‘முடியாது’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் கற்பித்தால் அவர்கள் எழுத மாட்டார்கள். ‘கென்தோ இதாஷிமாஸ்’ (பரிசீலிக்கிறோம்) என்பதும் ‘முஸுகாஷீ’ (கடினம்) என்பதும் ஜப்பானிய வாசகருக்குப் பல நேரங்களில் மறுப்பாகவே சென்று சேர்கின்றன. எழுதியவர் எதையும் மறைக்கவில்லை. ஆங்கிலத்தில் அதே சொற்கள் நம்பிக்கை தருவதுதான் சிக்கல். ஆகவே மறுப்பை மூன்று பகுதியாக எழுத வையுங்கள்: இந்த வெளியீட்டில் எது இயலாது, அதற்குப் பதிலாக எது இயலும், அதை எந்தத் தேதியில் உறுதிசெய்வோம். மாற்று வழி பக்கத்திலேயே இருக்கும்போது மறுப்பை எழுத அவர்களுக்குக் கை வருகிறது. உண்மையிலேயே பரிசீலிக்கிறார்கள் என்றால், முடிவு தெரியும் தேதி இல்லாமல் அந்தச் சொல்லை எழுதக் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள்.

ஒசாகாவில் நெடுங்காலம் வாழும் ஒரு வாசகர்: ஆசிரியை அவர்களுக்கு, இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. பணம் கொடுப்பவர் வாடிக்கையாளர். அவரது நாகரிகத்தை நாம் கற்க வேண்டுமே தவிர, மேற்கத்தியரைப் போல எழுதும்படி அவரை மாற்றக் கூடாது. ஜப்பானில் முடிவுகள் நெமவாஷியில் எடுக்கப்படுகின்றன. மின்னஞ்சல் வெறும் சம்பிரதாயம்.

பதில்: ஐயா, பாதியை முழு மனதோடு ஏற்கிறேன். ஒரு திட்டம் கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே தொடர்புடைய ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசி இசைவு பெறும் நெமவாஷி உயர்ந்த வழக்கம். அதன் பிறகு ஒவ்வொருவரின் ஒப்புதல் முத்திரைக்காக ரிங்கி என்ற ஆவணம் சுற்றுக்கு வரும்போது அதில் எவருக்கும் புதிய செய்தி இருப்பதில்லை. அதனால்தான் ஆவணம் மங்கலாக இருந்தாலும் உள்ளே கேடில்லை. ஆனால் சென்னையில் இருப்பவர் அந்த நெமவாஷியில் இருந்தாரா? இல்லை. அவர் கையில் இருப்பது அந்த மின்னஞ்சல் ஒன்றுதான். உள்ளே இருந்தவர்களுக்காக எழுதப்பட்டதை வெளியே இருப்பவருக்கு அனுப்புவதுதான் இங்கே நிகழும் தவறு.

அதே வாசகர்: கிஷோதென்கெத்சு முறையில் சுற்றி வந்து கடைசியில் முடிவைச் சொல்வது அவர்களது சிந்தனையிலேயே ஊறியது. நீங்கள் கேட்பது அவர்களது இயல்புக்கு மாறானது.

பதில்: இந்தக் கருத்தைத்தான் நான் வன்மையாக மறுக்கிறேன், ஏனெனில் இதை நம்பும் ஆசிரியர், மாணவரால் முடியாது என்று முடிவுகட்டிவிட்டே வகுப்புக்குள் நுழைகிறார். கிஷோதென்கெத்சு சீனத்து நான்கடிக் கவிதையிலிருந்து வந்த அமைப்பு. கதைக்கும் கட்டுரைக்கும் அழகு சேர்ப்பது. இயந்திரம் பழுதானால் அந்த அமைப்பில் அறிக்கை எழுதி எந்தக் கச்சோவிடமும் (புச்சோவுக்குக் கீழுள்ள உட்பிரிவுத் தலைவர்) கொண்டுபோக முடியாது. முடிவை முதலில் சொல் என்றுதான் அவர் கேட்பார். புதிதாகச் சேருபவர்களுக்கு அறிவித்தல், தகவல் பகிர்தல், கலந்தாலோசித்தல் என்ற ஹோரென்சோ ஒழுக்கத்தை முதல் வாரத்திலேயே கற்பிக்கிறார்கள். டொயோட்டாவில் ஒரு சிக்கலின் பின்னணி, காரணம், தீர்வு, அடுத்த நடவடிக்கை ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஏ3 தாளில் அடக்கும் வழக்கம் உலகமே பார்த்துப் படித்தது. சுருக்கமும் தெளிவும் மேற்கிலிருந்து இறக்குமதியானவை அல்ல, ஐயா. அவர் தன் கச்சோவுக்கு எழுதும் ஒழுங்கையே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் எழுதச் சொல்கிறேன்; தெரியாத ஒன்றை நான் புகுத்தவில்லை. வாசகர் வெளியார் என்றதும் பணிவு முன்னால் வந்து நின்று அந்த ஒழுங்கை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

சென்னை எஞ்சினியர்: நன்றி அக்கா. ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ‘கோப்பு வரவில்லையா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் அவர்கள் ‘யெஸ்’ என்கிறார்கள். எங்கள் குழுவும் அதையே செய்கிறது.

பதில்: ஆமாம், தமிழிலும் ‘ஆமாம், வரவில்லை’ என்றுதானே சொல்கிறோம். ஆங்கிலத்திலோ அதற்கு ‘நோ’ என்றுதான் சொல்ல வேண்டும்; ‘யெஸ்’ என்றால் வந்துவிட்டது என்று பொருளாகிவிடும். எதிர்மறைக் கேள்வியையே இரு தரப்பும் கைவிட்டுவிடுங்கள், ‘கோப்பு வந்ததா?’ என்று கேளுங்கள். நம் தரப்பில் ‘தேவையானதைச் செய்யவும்’ என்று ஆங்கிலத்தில் எழுதும் பழக்கத்தையும் விட வேண்டும். எது தேவை என்று ஜப்பானியருக்கு அதிலிருந்து தெரியாது; கேட்கவும் கூச்சப்படுவார்.

கோபேயிலிருந்து ஒரு வாசகி: மொழிபெயர்க்க டீப்எல் இருக்கிறது, சாட்ஜிபிடி இருக்கிறது. இனி எதற்காக எழுதக் கற்பிக்க வேண்டும்?

பதில்: எழுவாய் இல்லாத ஜப்பானிய வாக்கியத்தைக் கொடுத்தால் இயந்திரம் ஓர் எழுவாயை ஊகித்துப் போட்டுவிடும். ‘வெள்ளிக்குள் சரிபார்ப்பதாக’ என்று எழுதியிருந்தால், சரிபார்ப்பது நாமா அவர்களா என்பதை அது தானே முடிவுசெய்யும். ஆங்கிலமும் குறையின்றி இருப்பதால் யாருக்கும் ஐயம் எழாது. தவறானவர் தலையில் பொறுப்பு ஏறிய பிறகே தெரியவரும். கருவியைப் பயன்படுத்தலாம், யார், எதை, எப்போது என்பதை நிரப்பிவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். வாடிக்கையாளரின் மின்னஞ்சலை இலவசத் தளங்களில் ஒட்டாதீர்கள். இலவச மொழிபெயர்ப்புத் தளம் ஒன்றில் ஒட்டப்பட்ட அலுவலக மின்னஞ்சல்கள் இணையத்தில் எவரும் தேடிப் படிக்கும்படி வெளிவந்து, 2015இல் ஜப்பானில் பெரிய செய்தியானது. நிறுவனம் உரிமம் பெற்றுத் தந்த கருவியை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

பெயர் குறிப்பிடாத வாசகர்: ஜப்பானிய இணைய வணிக நிறுவனமான ராகுதென் அலுவலக மொழியை முழுக்க ஆங்கிலத்துக்கு மாற்றியது சரியா?

பதில்: 2010இல் அறிவித்து, 2012 ஜூலையில் முழுமையாக நடைமுறைப்படுத்தினார்கள். சரியா தவறா என்பது நிர்வாகவியலாருக்கான கேள்வி.

ஷிசுவோகாவிலிருந்து ஒரு வாசகர்: டோயிக் மதிப்பெண்ணைக் கூட்ட எந்தப் புத்தகம் நல்லது?

பதில்: இங்கே பேசுவது எழுத்தைப் பற்றி. டோயிக் பற்றி இனி இங்கே கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிபாவிலிருந்து ஒரு பயிற்சியாளர்: வாடிக்கையாளர்களின் உண்மையான மின்னஞ்சல்களை வகுப்பில் பயன்படுத்தலாமா? பாடநூல்கள் மாணவர்களுக்கு அலுத்துவிட்டன.

பதில்: அதைவிடச் சிறந்த பாடப்பொருள் இல்லை. ஆனால் நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பெயர், விலை, வரைபட எண் ஆகியவற்றை மாணவரே நீக்கிய பிறகுதான் தாள் உங்கள் கைக்கு வர வேண்டும். கோபே வாசகிக்குச் சொன்ன எச்சரிக்கை உங்களுக்கும் பொருந்தும்.

யோகோஹாமாவிலிருந்து ஒரு வாசகி: ஆங்கிலக் கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முடிவோடு வெளியே போகிறார்கள். இதற்கு வகுப்பில் ஏதாவது செய்ய முடியுமா, அக்கா?

பதில்: நிச்சயமாக முடியும். ஜப்பானிய அலுவலகங்களில் கூட்டக் குறிப்பு எழுதுவது பெரும்பாலும் குழுவின் இளையவரின் வேலை. பேசத் தயங்குபவரும் அவரே. அந்தப் பொறுப்பையே அவருக்கு வாய்ப்பாக மாற்றுங்கள். கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்கச் சொல்லி, அவர் திரையில் பெயர், வேலை, தேதி என்ற மூன்றையும் எல்லோரும் பார்க்கத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து, அந்தப் பெயருக்குரியவரிடம் ‘இது சரியா?’ என்று கேட்க வேண்டும். வகுப்பில் இதையே பாதி நேரம் ஒத்திகை பாருங்கள். அவர் கற்க வேண்டிய ஆங்கிலம் ஏழெட்டு வாக்கியங்கள்தான். எழுத்தில் பார்க்கும்போது மூத்தவர்களும் கூச்சமின்றித் தேதியைத் திருத்துகிறார்கள். அன்று மாலையே அந்தத் திரையில் இருந்தது அப்படியே மின்னஞ்சலாகப் போய்விடும்.