மனத்துக்குள் ஒரு வீடு

கேள்வி: மருத்துவ பீடத்தில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். 12 மண்டையோட்டு நரம்புகளை எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் ஒழுங்கு மாறிவிடுகிறது. மனக்காட்சி முறை உதவுமா?
– மாணவி, வெள்ளவத்தை

பதில்: ஒழுங்கை நினைவில் நிறுத்துவதற்கு நன்றாகவே உதவும். பழக்கமான ஓரிடத்தில் மனத்தால் நடந்து, நினைவில் வைக்க வேண்டியவற்றை வழிநெடுக ஒவ்வொரு காட்சியாக வைப்பதே இம்முறை. கூரை இடிந்து இறந்த விருந்தினரை, அவரவர் அமர்ந்திருந்த இடத்தைக் கொண்டே கிரேக்கக் கவிஞர் சிமோனிடீஸ் அடையாளம் காட்டினார் என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ சொல்லும் கதையோடு இணைத்துப் பேசப்படும் இம்முறைக்கு, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டும் நடக்கக்கூடிய ஓரிடம் போதும். உங்கள் தொடர்மாடி வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசற்கதவில் தலைசுற்றும் அளவுக்கு மல்லிகை மணம் வீசுகிறது. அது முதலாவதான முகர்வு நரம்பு. அடுத்து, செருப்புத் தட்டின்மேல் ஆளுயர மூக்குக்கண்ணாடி ஒன்று நிற்கிறது. அது பார்வை நரம்பு. இப்படியே நடந்து பத்தாவது இடமாகச் சமையலறையை அடையும்போது, கழுத்து வழியே வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பை, இடியப்பத் தட்டிலிருந்து நழுவித் தரையெங்கும் ஓடும் ஒரே நீண்ட இழையாகக் காணலாம். காட்சி எவ்வளவு அபத்தமோ அவ்வளவு நல்லது; யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

2017இல் வெளியான ஆய்வொன்றில், நாளொன்றுக்கு அரை மணி நேரமாக ஆறு வாரங்கள் இவ்வாறு பயின்றவர்கள், 72 சொற்களில் சராசரியாக 60க்கு மேல் நினைவுகூர்ந்தார்கள். ஆயினும் வேகஸ் நரம்பு எவ்வாறு இதயத்துடிப்பைக் குறைக்கிறது என்பதை இடியப்பம் விளக்காது. அதைப் படித்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். அன்று மாலையும் மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் அதே வழியில் மனத்தால் நடந்து பாருங்கள். அடுத்த பட்டியலுக்கு மாமி வீட்டைப் பயன்படுத்துங்கள். ஒரே வீட்டில் இரண்டு பட்டியல்களைக் குடிவைத்தால் காட்சிகள் கலந்துவிடும்.