முதலாண்டு மருத்துவம்: கேட்டவர்களுக்குப் பதில்

கே: கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸை பத்து தடவை படித்தேன். மறுநாள் ஒன்றும் நினைவில் இல்லையே?

ப: பத்து தடவை படித்தீர்கள், சரி. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தடவையாவது வரைந்தீர்களா? வெள்ளைத் தாளை எடுங்கள். சி5 (ஐந்தாம் கழுத்து நரம்பு) முதல் டி1 (முதல் மார்பு நரம்பு) வரை ஐந்து வேர்கள், அவை சேர்ந்து மூன்று தண்டுகள், அப்புறம் பிரிவுகள். எந்த இடத்தில் கை நிற்கிறதோ, அந்த இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். அடுத்து, ஒவ்வொரு நரம்பையும் ஒரு நோயாளியோடு முடிச்சுப் போடுங்கள். இந்தப் பின்னலிலிருந்து வரும் ரேடியல் நரம்பு மேற்கை எலும்பின் பின்பக்கத்தை ஒட்டியே சுற்றி வருகிறது. அந்த எலும்பு நடுவில் முறிந்தால் நரம்பும் அடிபடலாம்; மணிக்கட்டு தொங்கிவிடும், நிமிர்த்த முடியாது. இதே போல் உங்கள் கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள், மறக்காது. மஞ்சள் பேனாவால் கோடு போடுவது படிப்பில்லை, வண்ணம் தீட்டுவது.

கே: எந்தப் பாடநூல் நல்லது?

ப: கடைசிப் பக்கம் வரை நீங்கள் படிக்கப்போகிற ஒன்று.

கே: உயிரணு உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேதிவினைத் தொடரான கிரெப்ஸ் சுழற்சியை எப்படி மனப்பாடம் செய்வது?

ப: முதல் பதிலைப் பாருங்கள். மூடுங்கள், வரையுங்கள்.

கே: உடலைத் திரையில் காட்டும் முப்பரிமாணச் செயலி இருக்கும்போது, இறந்த உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் எதற்கு? உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் நெடியில் கண் எரிகிறது.

ப: எரியத்தான் செய்யும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டை மடக்குங்கள். நடுவில் கயிறு போல ஒன்று எழும்புகிறதா? அது பால்மாரிஸ் லாங்கஸ் தசைநாண். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். செயலியில் எல்லாருக்கும் ஒரே உடம்பு.

கே: (அவரே) அந்த வேறுபாட்டையும் செயலியில் சேர்த்துவிடலாமே?

ப: சேர்க்கலாம். ஆனால் திரையில் நரம்பு மஞ்சள், சிரை நீலம். மேசையில் எல்லாமே பழுப்பு. விரலால் உருட்டிப் பார்த்துத்தான் நரம்பா, சிறு தமனியா என்று பிரித்தறிய வேண்டும்.

கே: (இன்னொருவர்) எங்களுக்கு ஏற்கெனவே அறுத்துப் பிரித்த உடல்களைத்தான் காட்டினார்கள். நாங்களும் நன்றாகத்தான் படித்தோம்.

ப: மறுக்கவில்லை, நேரமும் மிச்சம். நான் மட்டும் கழுத்தில் ஒரு நூலைக் கொழுப்பு நார் என்று இடுக்கியால் இழுத்தேன். அறுந்த பிறகுதான் நரம்பென்று தெரிந்தது. இன்றுவரை அது போகும் பாதை மறக்கவில்லை.

கே: காது இரண்டு நாளாக வலிக்கிறது...

ப: மருத்துவரைப் பாருங்கள். இங்கே படிப்பு மட்டும்.

கே: மண்டை நரம்புகள் 12, நினைவில் நிற்கவே மாட்டேன் என்கிறது. கோடு போட்டுக்கூடப் படித்தேன்.

ப: பேனாவைக் கீழே வையுங்கள். முதல் பதில்.