29 வாரத்தில் 1,100 கிராம் எடையில் பிறந்த குழந்தை பிற்காலத்தில் மற்றக் குழந்தைகளைப் போல இருக்குமா?

உங்கள் அக்காவுக்கு 29ஆம் வாரத்தில் 1,100 கிராம் எடையில் பெண் குழந்தை பிறந்து இன்று பதினேழாம் நாள் என்றும், செயற்கைச் சுவாசக் கருவியை எடுத்துவிட்டார்கள் என்றும், இனி அது எல்லாக் குழந்தைகளையும் போல வளருமா என்று வீட்டுப் பெரியவர்கள் ஓயாமல் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். 2008இல் 30ஆம் வாரத்தில் 1,160 கிராம் எடையோடு பிறந்த ஒரு பெண்ணின் தகப்பன். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் விழித்திரையைப் பரிசோதித்துவிட்டார்களா என்று நாளைக் காலையே வார்டு மருத்துவரிடம் கேளுங்கள். குறைமாதத்தில் பிறக்கும்போது விழித்திரையின் இரத்தக் குழாய்கள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. வெளியே வந்தபின், குறிப்பாக ஆக்சிஜன் கொடுக்கும்போது, அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடக்கூடும். நம் நாட்டு வழிகாட்டுதல்களின்படி 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு 30 நாட்களுக்குள் முதல் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் இரண்டு மூன்று வாரங்களிலேயே நடக்க வேண்டும். உங்கள் குழந்தை எடையால் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. என் மகள் இருந்த மருத்துவமனையில் நாற்பத்தொரு நாட்கள் அவளை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள், ஆனால் கண்ணைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தடுப்பூசிக்காகப் போன இடத்தில் வேறொரு மருத்துவர், ‘இன்னுமா பார்க்கவில்லை?’ என்று அதிர்ந்துபோய்க் கேட்டபின்தான் மதுரைக்கு ஓடினோம். நோய் குறிப்பிட்ட கட்டத்தைத் தொட்டுவிட்டால் இரண்டு மூன்று நாட்களுக்குள் லேசர் செய்தாக வேண்டும் என்பது அங்கே போனபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. செய்தார்கள், பார்வை தப்பியது. தடித்த கண்ணாடி அணிகிறாள், அவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது’ என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். என் அத்தை அதை ஆறுதலாகச் சொன்னார். உண்மை இதற்கு நேர் எதிரானது. கருப்பையில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான். நுரையீரல்தான் அதற்குப் பெரிய காரணம். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு வழுவழுப்புப் பொருள் குறைமாதக் குழந்தைகளிடம் போதுமான அளவு இருப்பதில்லை என்பதை 1959இல் மேரி எலன் ஏவரி என்ற அமெரிக்க மருத்துவர் காட்டினார். அது தெரிந்தும் 1963இல் மருத்துவத்தால் எதுவும் செய்ய இயலவில்லை: அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாக, 2.1 கிலோ எடையில் பிறந்து, 39 மணி நேரத்தில் இறந்தான். பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரும் என்பதை நியூசிலாந்தில் 1972இல் நிறுவினார்கள்; அந்த வழுவழுப்புப் பொருளையே மருந்தாக நுரையீரலுக்குள் செலுத்தும் முறையை ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா 1980இல் வெளியிட்டார். உங்கள் அக்கா மகள் பதினேழு நாட்களுக்குள் கருவியிலிருந்து விடுபட்டிருக்கிறாள் என்றால், அதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

பிழைத்தபின் எப்படி இருப்பார்கள் என்பதற்கு மிகப் பெரிய கணக்கு ஸ்வீடனிலிருந்து கிடைக்கிறது. அங்கே 1973 முதல் 1997 வரை பிறந்தவர்களைப் பெரியவர்களாகும் வரை பதிவேடுகளின் வழியே தொடர்ந்து பார்த்தபோது, பெரிய நோய் எதுவுமின்றி உயிரோடிருந்தவர்கள் நிறைமாதத்தில் பிறந்தோரில் 63%, குறைமாதத்தில் பிறந்தோரில் 55%. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களிடம் இது 22% ஆகச் சரிகிறது. உங்கள் குழந்தை சேரும் 28 முதல் 33 வார வகுப்பில் ஏறத்தாழ 49%. இந்த எண்களைக் கண்டு பயப்படுகிறவர்கள், நிறைமாதத்தில் பிறந்தவர்களிலும் மூவரில் ஒருவருக்கு மேல் அந்த 63%க்குள் வரவில்லை என்பதைக் கவனிப்பதில்லை. தவிர, அந்தக் குழந்தைகள் பிறந்த காலத்தின் பெரும்பகுதியில் இன்றைய சிகிச்சைகள் பரவலாக வந்திருக்கவில்லை.

எண்களைவிட என்னைப் பாதித்தது கனடாவில் சரோஜ் சைகல் என்ற மருத்துவர் செய்த ஆய்வு. 1977க்கும் 1982க்கும் இடையில் ஒண்டாரியோவில் ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைகளை அவர் விடாமல் தொடர்ந்தார். அவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பார்வை, செவி, இயக்கம் முதலியவற்றில் குறை இருந்தது. பதின்ம வயதில் அவர்களிடமே, ‘உன் வாழ்க்கைக்கு நீ என்ன மதிப்பெண் போடுவாய்?’ என்கிற பாணியில் கேட்டபோது, பெரும்பாலானோர் நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள் போட்ட அளவுக்கே போட்டார்கள். உடற்குறைகளோடு கூடிய நிலைகளுக்கு மருத்துவர்களும் செவிலியரும் போட்ட மதிப்போ பிள்ளைகளும் பெற்றோரும் போட்டதைவிடக் குறைவு. இருபதுகளில் மீண்டும் பார்த்தபோது உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தவர்கள் இவர்களில் 82%, மற்றவர்களில் 87%. ‘எல்லாரையும் போல இருக்குமா?’ என்று வராந்தாவில் நின்று கேட்கும் உறவினர்களை நினைக்கும்போதெல்லாம் இந்த ஆய்வும் எனக்கு நினைவுக்கு வரும்.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியதும் சிறிதன்று. குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை, இன்குபேட்டர்கள் போதாத நிலையில் 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது. ஏழை நாட்டு ஒட்டுவேலை என்று இதை நினைத்தவர்கள் உண்டு. ஆனால் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியபோது 28 நாட்களுக்குள் நேரும் இறப்பு 15.7%இலிருந்து 12% ஆகக் குறைந்தது. அக்காவுக்கு உடம்பு முடியாத நேரத்தில் அத்தானோ பாட்டியோ அணைத்துக்கொள்ளலாம். நான் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து வார்டில் சிரித்தவர்கள், நான்காம் நாள் தங்கள் வீட்டு ஆண்களையும் உட்காரவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின் சில பழக்கங்களை உறுதியாக மறுக்க வேண்டியிருக்கும். சேனை தொட்டு வைப்பது, மூக்கில் ஊதிச் சளி எடுப்பது, குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவது ஆகிய மூன்றும் நிறைமாதக் குழந்தைக்கே நல்லதல்ல. ஆக்சிஜனில் கிடந்த நுரையீரலுக்குப் புகை நஞ்சு. பாலாடையில் பால் கொடுப்பது மருத்துவமனையே கற்றுக்கொடுக்கும் நல்ல முறைதான், ஆனால் அழும் வாயில் ஊற்றினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

வளர்ச்சியைக் கணக்கிடும்போது பிறந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். பதினொரு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தையின் எட்டு மாதம், வளர்ச்சியில் ஐந்தரை மாதத்துக்குச் சமம். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிப்படியே. செவிப் பரிசோதனையையும், கைகால் விறைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் தொடர் வருகைகளையும், குழந்தை நன்றாகச் சிரிக்கிறதே என்று தவறவிடாதீர்கள். விறைப்பைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் இயன்முறைப் பயிற்சிக்குப் பலன் அதிகம். பள்ளிக்குப் போனபின் கணக்கிலும் கவனத்திலும் சிலர் தடுமாறுவார்கள். என் மகள் வாய்ப்பாட்டில் ஐந்தாம் வகுப்பு வரை அழுதாள். சோம்பேறி என்று நானே திட்டியிருக்கிறேன், அதற்கு இப்போதும் வருந்துகிறேன்.

மிகச் சிறியதாகப் பிறந்தவர்களுக்கு நடுவயதில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு சற்று அதிகம். எடை குறைந்த இந்தியக் குழந்தைகள் ஒல்லியாகத் தெரிந்தாலும் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதல் என்பதைப் புனேயில் யாக்னிக் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் காட்டியிருக்கிறார்கள். ஆகவே தாய்ப்பாலிலும் மருத்துவர் சொன்ன சத்து மருந்திலும் எடை ஏறுவது போதும். கொழுகொழுவென்று ஆக்கிக் காட்ட வேண்டும் என்று பிஸ்கட்டும் சர்க்கரையும் திணிக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பெரியவர்களிடம் பிறந்த எடையை எந்த மருத்துவரும் தாமாகக் கேட்பதில்லை. என் மகள் கல்லூரி விடுதிக்குப் போனபோது அதன் நகல் ஒன்றை அவளுடைய பெட்டியில் வைத்து அனுப்பினேன்.