கொட்டாங்குச்சிக் கரி ஒரு துண்டு போதும்

கே: ஐயா, நாங்கள் கோத்தகிரியில் மாடி வீட்டில் குடியிருக்கிறோம். ஐப்பசி பிறந்தால் மழையும் மூட்டமும்தான், வெளியே அடுப்பு மூட்ட வழியில்லை. ஊட்டியில் தணலில் சுட்ட கோழி சாப்பிட்டு வந்ததிலிருந்து மகன் அதே ருசி வேண்டும் என்கிறான். தோசைக்கல்லில் செய்து பார்த்தேன், அவித்த கோழி மாதிரி வந்தது. கரி அடுப்பைச் சமையலறைக்குள்ளேயே வைத்துச் சுடலாமா? – வாசகி, கோத்தகிரி

ப: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் அம்மா. குன்னூரில் ஒரு விருந்தினர் மாளிகையில் நான் சமையலில் இருந்தபோது, ஒரு மார்கழி இரவு பனி தாங்காமல் கரி அடுப்பை உள்ளே இழுத்து வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டோம். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பையன், "தலை வலிக்குது அண்ணே" என்றான். கொஞ்ச நேரத்தில் கத்தி கையிலிருந்து நழுவ, அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். வெளியே தூக்கிப் போய்க் காற்றில் கிடத்திய பிறகுதான் கண் திறந்தான். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கித் தணல் சாம்பல் பூத்து நிற்கும்போதும் அது வந்துகொண்டேதான் இருக்கும். குளிருக்கு அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போன செய்தியை மலையில் இருக்கும் நாம் கேட்காமலா இருக்கிறோம்?

சரி, ருசிக்கு வருவோம். அந்த வாசனையில் கரியின் பங்கு கொஞ்சம்தான். மரத்தில் இருந்த புகையெல்லாம் கரியாகும்போதே போய்விடுகிறது. கோழியின் கொழுப்பும் மசாலாவும் சொட்டுச் சொட்டாகத் தணலில் விழுந்து பொசுங்கி, ஆவியாக ஏறிக் கறியிலேயே திரும்பப் படிகிறதே, அதுதான் அந்த மணம். அதோடு தோல் சிவப்பதும் ஓரம் லேசாகக் கருகுவதும் சேர வேண்டும். வீட்டுக்குள் இவற்றை ஒவ்வொன்றாகத்தான் வரவழைக்க முடியும்.

உங்கள் கோழி அவிந்துபோனது தண்ணீரால். கறி நன்றாகச் சிவக்க 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மேலே ஈரம் இருக்கிற வரைக்கும் சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டாது. 6000 அடி உயரத்தில் அது 94 டிகிரிதான். அதனால் கறிக்கடையில் "தோலோட தொடைக்கறி கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். முதல் நாள் இரவே உப்புத் தடவி, மூடாமல் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் துணியால் ஒற்றி எடுத்து, துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரில் மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு கலந்து மெல்லிசாகப் பூசினால் போதும். மசாலாவில் கறி நீந்தக் கூடாது.

பழைய இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்து ஏழெட்டு நிமிடம் காயவிடுங்கள். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓட வேண்டும். நான்ஸ்டிக் இதற்கு ஆகாது. எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் கறியில் தடவி, மூன்று துண்டுக்கு மேல் போடாமல், தோல் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். மூன்று நிமிடம் தொடவே வேண்டாம். சரியாகச் சிவந்திருந்தால் தானே கல்லை விட்டு வந்துவிடும். திருப்பிப் போட்டு, தீயைக் குறைத்து, எலும்போரம் குத்தினால் தெளிந்த நீர் வருகிற வரை வேகவிடுங்கள். வழிகிற கொழுப்பைக் கிண்ணத்தில் சேர்த்து வையுங்கள், அதுதான் நமக்குப் பொக்கிஷம். அப்புறம் இடுக்கியால் பிடித்து, ஓரங்களை மட்டும் கேஸ் தீயில் சில நொடி காட்டுங்கள்.

கடைசியாகத்தான் கரி. இஸ்திரிக் கடையில் கேட்டால் கொட்டாங்குச்சிக் கரி ஒரு துண்டு கொடுப்பார்கள். கேஸ் தீயில் வைத்து முழுக்கச் சிவந்ததும் எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, கறி இருக்கும் பாத்திரத்தின் நடுவில் வையுங்கள். அதன்மேல் அரை ஸ்பூன் கோழிக் கொழுப்பை விட்டு உடனே மூடுங்கள். எல்லோரும் நெய் விடுவார்கள். நெய் விட்டால் நெய் பொசுங்கும் வாசனைதான் வரும், பருப்புக்கு அது நன்றாக இருக்கும். உங்கள் மகன் கேட்கும் வாசனை கோழிக் கொழுப்பில்தான் இருக்கிறது. நான்கு நிமிடத்தில் திறந்துவிடுங்கள், அதற்கு மேல் போனால் கசக்கும். இந்த ஒரு துண்டுக்குக்கூட ஜன்னல் திறந்திருக்கட்டும். வேலை முடிந்ததும் கரியைத் தண்ணீருக்குள் போட்டு, 'சுர்' சத்தம் நின்ற பிறகுதான் அங்கிருந்து நகர வேண்டும்.

கே: நாங்கள் சைவம். கொழுப்பே சொட்டாதபோது எங்களுக்கு அந்த வாசனை எப்படி வரும்? – வாசகர், கொடைக்கானல்

ப: உங்கள் ஊர் மலைப்பூண்டு இருக்கும்போது கவலை எதற்கு? ஒரு முழுப் பூண்டை அப்பளம் சுடும் கம்பி வலையில் வைத்து, மேல்தோல் கரியாகும் வரை சுட்டு, உள்ளே இருப்பதைப் பிதுக்கித் தயிரோடு அரையுங்கள். பிரியாணிக்குப் போடும் கருப்பு ஏலக்காய் இரண்டு தட்டிச் சேருங்கள். அதைப் புகையில்தான் உலர்த்துகிறார்கள். காலிஃபிளவரோ காளானோ இதில் புரட்டிக் காய்ந்த கல்லில் போட்டாலே பாதி வாசனை வந்துவிடும்.

மீதிக்குச் சீனர்கள் செய்யும் தேயிலைப் புகை இருக்கிறது. பழைய இரும்புச் சட்டியில் அலுமினியத் தாள் விரித்து, இலைத் தேயிலை, அரிசி இரண்டும் இரண்டிரண்டு ஸ்பூன், நாட்டுச் சர்க்கரை ஒரு ஸ்பூன் போட்டுச் சூடாக்குங்கள். புகை கிளம்பியதும் மேலே கம்பி வலை வைத்து, வெந்த காயைப் பரப்பி ஏழெட்டு நிமிடம் மூடி வையுங்கள். டஸ்ட் தூள் வேண்டாம், சட்டென்று கருகிக் காட்டமாகிவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

கே: தோட்டத்தில் விழுந்து கிடக்கும் பைன், யூகலிப்டஸ் சுள்ளிகளைப் புகைக்குப் போடலாமா? – வாசகர், குன்னூர்

ப: கூடாது. பைனில் பிசின் அதிகம், கறுப்புப் புகை படிந்து உணவு கசந்துவிடும். யூகலிப்டஸ் போட்டால் தைலம் தடவிய கறிதான் கிடைக்கும். கொய்யாக் கிளை ஒடித்து நன்றாகக் காயவைத்தது இருந்தால் அதைப் போடுங்கள். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியும் நல்ல மணம்தான், ஆனால் மருந்து அடித்த தோட்டத்துக் குச்சியைத் தொடாதீர்கள்.